காற்றின் எடை

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத காற்றுக்கும் எடை உண்டு. ஒரு வாயு வானேறிச் செல்வதும் மற்றொன்று பள்ளத்தில் இறங்கித் தங்குவதும் அந்த எடையைப் பொறுத்தவை. குற்றாலச் சாரலில் தொடங்கிக் கிணற்றடியில் முடியும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தின் வழியே அந்த எடையை நிறுத்துக் காட்டுகிறது இக்கட்டுரை.

கைநழுவிய பலூன்

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. குற்றாலத்தில் சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மலையின் தலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. வெயிலும் மழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பேரருவியில் குளித்தெழுந்தவர்கள் ஈரத் தலையுடன் கடைத்தெருவில் நடந்தார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் பழக்கூடைகளுக்கு நடுவே பலூன் விற்பவர் ஒருவர் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த நூல்கள் அனைத்தும் மேல்நோக்கி விறைத்திருந்தன.

தென்காசிக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து அன்று ஒரு குடும்பம் வந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, ஐந்து வயதுத் தம்பி, எழுபதைக் கடந்த தாத்தா. தம்பிக்கு ஒரு சிவப்பு பலூன் வாங்கித் தரப்பட்டது. நாலடி நடப்பதற்குள் நூல் அவன் விரலிலிருந்து நழுவியது. பலூன் கடைக் கூரைகளைத் தாண்டி, மரக்கிளைகளைத் தாண்டி, மேகத்தின் அடிவிளிம்பில் ஒரு புள்ளியாகி மறைந்தது. சிறுவன் அழத் தொடங்கினான்.

“அழாதலே. அதுக்குள்ள இருக்கிற வாயு காத்தைவிட எடை கம்மி. அதான் மேல போகுது” என்றாள் அக்காள்.

அழுகையை அது அடக்கவில்லை. ஆனால், தாத்தா நின்றுவிட்டார்.

“காத்துக்கு எடை உண்டா பிள்ள?”

“உண்டு தாத்தா.”

“அப்ப, எடை கூடுன காத்து எங்க போகும்?”

“கீழ எறங்கிப் பள்ளத்துல தங்கும்.”

முதியவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். அருவியின் பக்கம் திரும்பி நெடுநேரம் நின்றார். அவர் எதை நினைத்தார் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மூலக்கூறுகளின் கணக்கு

பேத்தி சொன்ன விடை சரியானது. ஆனால், அது விடையின் முதற்படி மட்டுமே. ஒரு வாயு மற்றொன்றைவிட ஏன் எடை குறைந்திருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது.

இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் இருக்கும் சம பருமனுள்ள வாயுக்களில், அவை எந்த வாயுக்களாயினும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகவே இருக்கும் என்பது அக்கருத்து. இதை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு கூடைகளில் எண்ணி நூறு நூறு காய்கள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பவை நெல்லிக்காய். மற்றொன்றில் இருப்பவை தேங்காய். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் எடை ஒன்றாக இராது. எந்தக் கூடை கனக்கும் என்பதை ஒவ்வொரு காயின் எடையும் முடிவு செய்கிறது. உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. தேங்காய்க்குப் பெரிய கூடை வேண்டும். வாயுவுக்கு அப்படி வேண்டியதில்லை. வாயுவில் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வெற்றிடமே மிகுதி. ஆகவே, மூலக்கூறு சிறிதாயினும் பெரிதாயினும் அது எடுத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒன்றே.

இனிக் கணக்கு எளிது. உலர்ந்த காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் மூலக்கூறு நிறை 28. ஆக்சிஜன் 21 விழுக்காடு. அதன் நிறை 32. எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான். அதன் நிறை 40. இவற்றின் சராசரி ஏறத்தாழ 29. இந்த 29 என்ற எண்ணே தராசின் நடுமுள். ஹைட்ரஜனின் நிறை 2, ஹீலியம் 4, மீத்தேன் 16, அம்மோனியா 17. இவை முள்ளின் இலேசான பக்கத்தில் நிற்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு 34, கார்பன் டை ஆக்சைடு 44, பியூட்டேன் 58, குளோரின் 71. இவை கனத்த பக்கத்தில் நிற்கின்றன.

மேலெழும் விசையோ பலூனுக்குள் பிறப்பதன்று. சுற்றியுள்ள காற்றே அதைத் தருகிறது. நீரில் மூழ்கும் பொருள் தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. காற்றும் ஒரு கடல்தான். அதற்கும் அதே விதி பொருந்தும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே பருமனுள்ள ஹீலியம் ஏறத்தாழ 170 கிராம். ஹைட்ரஜனோ 80 கிராமைச் சற்றே தாண்டும். ஆகவே, ஒரு கன மீட்டர் ஹீலியம் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான சுமையைத் தூக்கவல்லது. ஹைட்ரஜன் ஹீலியத்தின் பாதி எடையே உடையது. ஆயினும் அது இரு மடங்கு சுமையைத் தூக்குவதில்லை. ஏறத்தாழ எட்டு விழுக்காடே மிகுதியாகத் தூக்குகிறது. தூக்கும் ஆற்றல் வாயுவின் எடையால் மட்டும் அமைவதில்லை என்பதற்கும், சுற்றியுள்ள காற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டால் அமைகிறது என்பதற்கும் இதுவே சான்று.

ஹைட்ரஜன் மலிவானது, ஆனால், ஒரு தீப்பொறி பட்டால் வெடித்து எரியும். ஹீலியம் எரியாது, எதனோடும் எளிதில் வினைபுரியாது. திருவிழாக்களிலும் கடைத்தெருக்களிலும் விற்கப்படும் பலூன்களில் எந்த வாயு இருக்கிறது என்று கேட்டறிவது வீண் ஆராய்ச்சியாகாது. அது பிள்ளைகளின் பாதுகாப்பு.

கதிரவனிலிருந்து வந்த பெயர்

ஹீலியத்தின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஓரிடம் உண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பு நிகழ்ந்தது. அதைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்திருந்தார். சென்னை வான்காணகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் தம் கருவிகளை நிறுவியிருந்தார். மறைந்த கதிரவனின் விளிம்பில் எழுந்த சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அதில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அறிஞர் லாக்கியரும் அக்கோட்டை ஆராய்ந்தார். புவியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஹீலியோஸ்’ என்பதிலிருந்து புதிய தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிடப்பட்டது. புவியில் அது கைக்குக் கிடைக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்.

யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் அணுக்கருவே. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மோனசைட்டு கலந்துள்ளது. அம்மணலின் ஒவ்வொரு மணிக்குள்ளும் சிறிதளவு ஹீலியம் இன்றும் பிறந்துகொண்டிருக்கிறது. பிறந்த ஹீலியம் மண்ணை விட்டு வெளியேறினால் காற்றில் கலந்து, மெல்ல மெல்ல வான்வெளியின் உச்சியை அடைகிறது. எடை மிகக் குறைந்த அதன் அணுக்கள் மிகுந்த வேகத்தில் திரிவதால் அவற்றுள் சில புவியின் ஈர்ப்பையே மீறிச் சென்றுவிடுகின்றன. சென்றது திரும்புவதில்லை.

சாரலின் இரகசியம்

அன்று மாலை தென்காசிக்குத் திரும்பிய குடும்பம் காசி விசுவநாதர் கோயிலுக்குச் சென்றது. அக்கோயிலின் கோபுர வாயிலில் வீசும் காற்று ஊரறிந்த ஒன்று. கணவாய் வழியே வந்த மேற்கத்திய காற்றும் அன்று வாயிலை நிறைத்திருந்தது. சேலை முந்தானைகள் படபடத்தன. காற்றில் மெல்லிய ஈரம் இருந்தது.

“ஈரக்காத்து கனமா இருக்கும். அதான் மலையில இருந்து எறங்கி நம்ம மேல சாரலா விழுது” என்று மாணவி தம்பிக்கு விளக்கினாள்.

மறுநாள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையிடமும் அவள் அதையே கூறினாள். ஆசிரியை அவளை மறுக்கவில்லை. நீர் மூலக்கூறின் நிறையைக் கரும்பலகையில் எழுதுமாறு மட்டும் சொன்னார். ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு, ஆக்சிஜன் அணு ஒன்று, கூட்டினால் 18. எழுதிய கை அந்த எண்ணின் கீழேயே நின்றது. காற்றின் சராசரி 29. நீராவியோ 18. அப்படியானால், ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது.

பெரும்பாலோர் இடறும் இடம் இது. ஈரத்துணி உலர்ந்த துணியைவிடக் கனக்கும், ஈரமண்ணும் கனக்கும். அந்தப் பழக்கத்தால் ஈரக்காற்றும் கனக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. துணியில் நீர் கூடுதலாகச் சேர்கிறது. காற்றிலோ, அதே அழுத்தத்தில், ஒரு நீர் மூலக்கூறு நுழைந்தால் கனமான வேறொரு மூலக்கூறு அவ்விடத்தை விட்டு விலகுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் நீராவியால் நிறைவுற்ற ஒரு கன மீட்டர் காற்று, அதே அளவு உலர்ந்த காற்றைவிட ஏறத்தாழ 18 கிராம் குறைவாக நிறுக்கும். கையால் உணர முடியாத வேறுபாடுதான். ஆனால், வானம் முழுவதும் பரவிய காற்றுக்கு அது பெரிய வேறுபாடு.

ஜூன் மாதத்தில் அரபிக்கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று நீராவியைச் சுமந்து மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதுகிறது. முதலில் மலையே அதை மேலே தள்ளுகிறது. மேலே அழுத்தம் குறைவு. அங்கே காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பத்தை அது இழக்கிறது. ஓர் உயரத்தில் நீராவி துளிகளாகத் திரள்கிறது. ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இலேசாக்குகிறது. சூடான காற்று மேலும் ஏறுகிறது. மலை தொடங்கி வைத்த ஏற்றத்துக்கு நீராவி இவ்வாறு துணை செய்கிறது.

அம்மழையின் பெரும்பங்கு கேரளத்துக்கே உரியது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று மீண்டும் அழுந்திச் சூடாவதால் தமிழகத்தின் பெரும்பகுதி அப்பருவத்தில் மழைமறைவுப் பகுதியாகிறது. குற்றாலத்துக்கு மட்டும் ஒரு விலக்கு வாய்த்தது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் மலைச்சுவரில் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே ஈரக்காற்று முற்றும் வறண்டு போகாமல் இப்பக்கம் நுழைகிறது. மலையுச்சியில் பெய்த மழை செண்பகாதேவி அருவியாகவும் பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் இறங்குகிறது. சிற்றாறு அதைத் தென்காசி வழியே தாமிரபரணிக்குக் கொண்டு சேர்க்கிறது. அருவியாக விழுவது, ஒருகாலத்தில் காற்றைவிட இலேசாக இருந்ததால் எழுந்த நீர்.

உச்சிப்பொழுதின் முனி

அன்றிரவு, ஈரக்காற்றைப் பற்றிய தன் தவற்றைச் சிரித்தபடி தாத்தாவிடம் கூறினாள் பேத்தி. அவர் சிரிக்கவில்லை. குற்றாலத்தில் அடக்கிக்கொண்ட பேச்சு அப்போது வெளிவந்தது.

“உன் சின்னத் தாத்தா கெணத்துல செத்தான்னு தெரியுமா பிள்ள?”

அவளுக்கு அது தெரியும். எப்படி என்பது தெரியாது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், ஈராண்டாகப் பயன்படாமல் கிடந்த கிணற்றைத் தூர் வார அண்ணனும் தம்பியும் முனைந்தார்கள். நீர் முழங்காலளவே இருந்தது. அடியில் இலை தழைகள் அழுகிக் கிடந்தன. உச்சிவெயில் நேரம். தம்பி கயிற்றைப் பற்றி இறங்கினார். அடியைத் தொட்டதும் மேலே பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு, களைத்தவர்போல அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாதிக் கிணற்றிலேயே மயங்கினார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் அவரை மேலே இழுத்துவிட முடிந்தது. தம்பியை இழுக்க முடியவில்லை.

“உச்சிப்பொழுதுல முனி அடிச்சிட்டுதுன்னு ஊரே சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். அன்னையிலருந்து அரிக்கேன் வெளக்கைக் கட்டி எறக்கிப் பாக்காம ஒருத்தரையும் கெணத்துல எறங்க விட்டதில்ல. வெளக்கு அணைஞ்சா முனி இருக்குன்னு கணக்கு” என்றார்.

ஊரார் கண்டதில் பிழையில்லை. அவர்கள் இட்ட பெயரே பிழை. அழுகும் தழைகள் ஆக்சிஜனை உண்டு, கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. மண்ணின் துளைகளிலிருந்தும் அவ்வாயு கிணற்றுக்குள் கசிகிறது. அதன் மூலக்கூறு நிறை 44. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அசைவற்ற ஆழத்தில் அது தேங்கி நிற்கும்.

உச்சிப்பொழுதுக்கும் காரணம் உண்டு. ஒரே வாயுவானாலும் குளிர்ந்தது சுருங்கிக் கனக்கும். சூடானது விரிந்து இலேசாகும். குத்துவிளக்கின் சுடர் மேல்நோக்கி நிற்பதும் சொக்கப்பனையின் புகை வானேறுவதும் இதனால்தான். கோடையின் நண்பகலில் கிணற்றுக்கு வெளியே காற்று கொதித்து இலேசாகிறது. உள்ளே இருப்பது குளிர்ந்து கனத்திருக்கிறது. கனத்தது அடியிலும் இலேசானது மேலும் இருந்தால் இரண்டும் இடம் மாறுவதில்லை. கிணறு மூடியிட்ட பானையாகிவிடுகிறது. குளிர்ந்த விடியற்காலையில் வெளிக்காற்று கனத்து உள்ளே இறங்கக்கூடும்; உள்ளிருப்பது ஓரளவு கலைந்து வெளியேறக்கூடும். உச்சிப்பொழுதில் கிணற்றில் இறங்காதே என்று முன்னோர் சொன்னதில் உற்றுநோக்கிய அறிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. முனியின் கதையாக அது கைமாறியதால் காரணம் மட்டும் தொலைந்து போயிற்று.

மாணவிக்கு அப்போது ஓர் ஐயம் எழுந்தது. கனமான வாயு கீழே தங்கும் என்றால், உலகிலுள்ள கார்பன் டை ஆக்சைடு முழுவதும் தரையில் படிந்து உயிர்களை மாய்த்திருக்க வேண்டுமே? அவ்வாறு நிகழாததற்குக் காரணம், மூலக்கூறுகளின் ஓயாத ஓட்டமும் காற்றின் வீச்சுமே. ஒருமுறை நன்கு கலந்துவிட்ட வாயுக்கள் எடை வேறுபாட்டால் மட்டும் தாமாகப் பிரிந்து படிவதில்லை. கிணற்றிலோ வாயு அடியிலேயே பிறக்கிறது. அதைக் கலைக்கக் காற்றோட்டம் இல்லை. அது கலக்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் மிகுதியாகும்போதே ஆபத்து உருவாகிறது.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

தாத்தாவின் அரிக்கேன் விளக்கு பலரைக் காத்திருக்கக்கூடும். ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறையும்போது சுடர் அணையத் தொடங்கும். 10 விழுக்காட்டுக்குக் கீழே மனிதர் விரைவில் நினைவிழப்பர். எனவே, மனிதர் மயங்கும் முன்பே விளக்கு மயங்கிவிடும். ஆனால், எரியும் விளக்கை நம்பி எல்லாப் பள்ளங்களிலும் இறங்கிவிட முடியாது.

கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய அவ்வாயுவும் காற்றைவிடக் கனமானது. மிகச் சிறிய அளவிலேயே அது உயிரைப் பறிக்கும். அந்த அளவில் விளக்கு அணையாது. செறிவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதர் ஏமாறுவர். அதே தொட்டியில் மீத்தேனும் இருக்கலாம். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால் அங்கே இறக்கப்படும் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். இத்தகைய இடங்களில் வாயுவை அளக்கும் கருவியே உண்மை சொல்லும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் மனிதர் அத்தொட்டிகளில் இறக்கப்படுகின்றனர். கையால் கழிவகற்றுவோராகப் பணியமர்த்தலைத் தடை செய்து 2013இல் சட்டம் இயற்றப்பட்டது. கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இறப்புகள் நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவை எழுந்திராது.

கனத்த வாயுவின் கொடுமையை நாடு பெருமளவில் கண்டது 1984 டிசம்பரில். இரண்டாம் நாள் இரவு போபாலின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் மூலக்கூறு நிறை 57. குளிர்ந்த இரவில் அது மேலெழாமல் தரையை ஒட்டிப் பரவி, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

அடுக்களையிலும் அதே விதி ஆட்சி செய்கிறது. சமையல் எரிவாயு உருளையில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் கூரைக்குச் செல்லாமல் தரையில் பரவும். ஆகவே, கசிவு தெரிந்தால் மின்விசையைத் தொடாமல் உருளையின் திறப்பை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் அகலத் திறக்க வேண்டும். உயரத்திலுள்ள சன்னல் மட்டும் போதாது. தரையளவு திறக்கும் கதவும் வேண்டும்.

எரிந்தபடி வந்த விளக்கு

அடுத்த சித்திரையில் அதே கிணற்றைத் தூர் வார வேண்டியிருந்தது. ஆட்கள் விடியற்காலை ஆறு மணிக்கே வரவழைக்கப்பட்டனர். நேரத்தைக் குறித்தவள் பேத்தி. வாடகைக்கு எடுத்த காற்று ஊதும் பொறியின் குழாயைக் கிணற்றின் வாயில் மட்டும் விடாமல் அடித்தரை வரை இறக்கச் சொன்னாள். மேலே ஊதினால் இலேசான காற்று மட்டுமே அசையும். கனத்தது அடியிலேயே கிடக்கும் என்பதை அவள் விளக்கியபோது ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு குழாயை இறக்கினர். அரைமணி நேரம் பொறி ஓடியது.

தாத்தா தம் அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றினார். வடக்கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார். சுவரின் ஒவ்வொரு கல்லும் ஒளியில் தெரிந்து மறைந்தது. விளக்கு அடியைத் தொட்டது. சுடர் அசையாமல் நின்றது.

இறங்கவிருந்தவரின் இடுப்பில் கயிறு கட்டப்பட்டது. மேலே இருவர் அதைப் பிடித்தனர். முதியவர் அவ்விருவரையும் பார்த்துச் சொன்னார்:

“உள்ள இருக்கிறவன் பதில் சொல்லலைன்னா இழுங்க. ஒருத்தரும் பின்னால எறங்கக் கூடாது. யார் உள்ள இருந்தாலும் எறங்கக் கூடாது.”

கடைசிச் சொற்களைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் தம்மையே கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி அதில் இருந்தது. தம்பி உட்கார்ந்ததைக் கண்டதும் தாமும் குதித்திருக்க வேண்டாமா என்பதே அது. குதித்திருந்தால் அன்று இருவர் இறந்திருப்பர். கிணற்றில் மயங்கியவரை மீட்கத் தக்க கருவியின்றி இறங்குவோரே அடுத்த உயிராகின்றனர். தீயணைப்பு மீட்புப் பணியினரை அழைத்துவிட்டு மேலிருந்து இழுக்க முயல்வதைத் தவிரச் செய்யத்தக்கது வேறில்லை. முனிக்கு அஞ்சி நின்றுவிட்டதாகத் தம்மையே நொந்துகொண்டிருந்தவருக்குப் பேத்தி சொன்ன 44 என்ற எண் ஏதோ ஓர் ஆறுதலைத் தந்திருக்க வேண்டும்.

விளக்கு எரிந்தபடி மேலே வந்தது. அவர் அதை அணைக்காமல் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தார். விடிந்து வெயில் ஏறிய பின்னும், சேற்றுக் கூடைகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்த நேரம் முழுவதும், அது அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.